உமர் பாய் கடையின் அஸ்தமனப் படம்

தாம்பரம் மேற்கில், முடிச்சூர் சாலையில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் உமர் பாயின் டி.டி.பி. கடை இருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் அந்தக் கடைக்குப் படியேறி வந்தவர்கள் யாராயிருந்தாலும் முதலில் நின்று பார்த்தது வாசலுக்கு இடப்பக்கம் மாட்டியிருந்த படத்தைத்தான். நாலு தாளில் தனித்தனியாக அச்செடுத்து, ஒட்டுத் தெரியாமல் சேர்த்து, கண்ணாடிச் சட்டம் போட்ட படம். உருவம் என்று ஒன்றும் கிடையாது. முழுக்கச் சிவப்பு, சிவப்புக்குள் கறுப்பு, கறுப்புக்கு அடியில் எங்கேயோ கொஞ்சம் மஞ்சள். மேலிருந்து கீழாகச் சரிந்து ஐந்து இழுப்புகள்.

வந்தவர்களுக்கெல்லாம் அது பிடித்துப்போனதுதான் வேடிக்கை. கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த ஒருவர் செம்பருத்திப் பூ என்றார். காதுகுத்து நோட்டீசுக்கு வந்த அம்மாள் தீமிதி என்றாள். உமர் பாய்க்குப் பெருமை தாங்காது.

"சன்செட் சார் அது. பெயிண்ட் இல்ல, பிரஷ் இல்ல. நம்ம ஜெயசீலி கம்ப்யூட்டர்லயே செஞ்சது. மாடர்ன் ஆர்ட்டு" என்பார்.

அஸ்தமனமாவது மண்ணாவது. அது ஜெயசீலியின் அண்ணன் சவுரிமுத்துவின் முகம். ஐந்து வெட்டு வாங்கிய முகம். அந்த இரத்தத்தைத்தான் அவள் இழுத்து இழுத்துக் குழைத்து வைத்திருந்தாள். கடையில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சவுரிமுத்துவை ஜூன் மாதத்தில் கொன்றார்கள். ராத்திரி இருட்டில் அல்ல. பட்டப்பகல் பதினொரு மணிக்கு, பெருங்களத்தூர் ஏரிக்கரையில், மாடு மேய்க்கிறவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. மாடு மேய்த்தவன் அன்றைக்கு ஓடியவன்தான், அப்புறம் ஊரிலேயே இல்லை. காரணம் என்ன, பெரிய ராஜ்ஜியமா? செத்துப்போன அப்பா கூடுவாஞ்சேரியில் விட்டுவிட்டுப் போன மூன்று கிரவுண்டு. அதைச் சுற்றி இருந்ததையெல்லாம் மனை வியாபாரி சிட்டிபாபு வாங்கிக் கல் நட்டுவிட்டான். அவன் போட்ட லேஅவுட்டுக்கு ரோடு வரவேண்டுமானால் இந்த மூன்று கிரவுண்டு வழியாகத்தான் வரவேண்டும். சவுரிமுத்து மாட்டேன் என்றான். மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் மாட்டேன் என்றான். நாலாவது தடவை கேட்கவில்லை.

வெட்டச் சொன்னது சிட்டிபாபு என்பது தாம்பரத்தில் டீக்கடைக்காரனுக்குக்கூடத் தெரியும். பிடித்தார்கள், ஜாமீனில் விட்டார்கள். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எதிர்க் கடையில் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகிறான். ஜெயசீலி கடைக்கு வரும் வழியில் அவனை வாரத்துக்கு இரண்டு நாளாவது பார்ப்பாள். பார்க்கும்போதெல்லாம் அவன் முகத்தைப் பொங்கல் தட்டில் வைத்து அழுத்தி, மூச்சு நிற்கிறவரை பிடித்திருக்க வேண்டும் என்று கை துடிக்கும். கோயிலுக்குப் போகிற பெண்தான், பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொன்னாள். சாமியார் ஜெபம் சொல்லச் சொன்னார். ஜெபம் சொன்னாள், துடிப்பு நிற்கவில்லை.

அவளைத் தின்றது இன்னொரு கேள்வி. அண்ணன் சிட்டிபாபுவின் ஆட்களைக் கண்டாலே தெருவை மாற்றிக்கொண்டு போகிறவன். அவன் எப்படி ஏரிக்கரைக்குப் போனான்? யாரோ நம்பிக்கையான ஆள் கூப்பிடாமல் அவன் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்திருக்க மாட்டான்.

முகத்தை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தலையைத் துணியால் சுற்றிப் பெட்டியில் வைத்து, மூடியில் ஆணியும் அடித்துத்தான் கொடுத்தார்கள். அக்கா பட்டு பெட்டி மேல் விழுந்து புரண்டாள். அக்கா புருஷன் சின்னப்பன் படப்பைக்குச் செங்கல் லோடு ஏற்றப் போனவர், தன் டெம்போவோடு நேராகக் கல்லறைக்கே வந்து சேர்ந்தார். வந்தவர் மார்பில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் பெட்டி தூக்குகிறவர்களே கண்ணைத் துடைத்தார்கள்.

பார்க்காத முகம் ஜெயசீலியைத் தூங்க விடவில்லை. போலீசுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் ஸ்டூடியோக்காரர் அப்பாதுரையிடம் போய் நின்றாள். இரண்டு வாரம் துரத்திவிட்டார். பதினாறாம் நாள் ஒரு கவரை நீட்டினார்.

"தங்கச்சி, இத வூட்ல யாராண்டயும் காட்டாத. நீயும் ஒருவாட்டிக்கு மேல பாக்காத" என்றார்.

அவளோ அதைக் கம்ப்யூட்டர் திரையில் ஆயிரம் தடவை பார்த்தாள்.

செத்தவர்களைச் சீர்செய்வது அவளுக்குப் பழகிய வேலை. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வேறு படம் இல்லாமல் பிணத்தின் படத்தையே கொண்டுவருகிற குடும்பங்கள் உண்டு. மூக்குப் பஞ்சை எடுத்துவிடுவாள், மூடிய கண்ணைத் திறந்துவைப்பாள், காயத்தை அக்கம்பக்கத்துத் தோலை இழுத்து மூடுவாள். போட்டோஷாப்பில் அதற்கென்றே விரல் படம் போட்ட ஒரு கருவி இருக்கிறது. ஸ்மட்ஜ் என்று பெயர். ஈரச் சுவரில் விரல் வைத்து இழுத்தது மாதிரி நிறம் கூடவே வரும். அண்ணனையும் அப்படி மூடிவிடலாம், மூடிய முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றுதான் ஸ்கேன் செய்தாள்.

ஸ்கேன் செய்ததும் அவள் கை தன்னால் ஒரு காரியம் செய்தது. படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டது. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. முகம் எழுத்தைப் பார்க்க வேண்டும், தாளுக்கு வெளியே பார்க்கக் கூடாது. வெளியே பார்த்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அதனால் தப்பான பக்கம் பார்க்கிற முகத்தை யோசிக்காமல் ஒரு க்ளிக்கில் திருப்பிப் போட்டுவிடுவார்கள். ஒரு கவுன்சிலருக்கு வலக்கன்ன மச்சம் இடக்கன்னத்துக்குப் போய் அவர் பெண்டாட்டி சண்டைக்கு வந்த கதையெல்லாம் உண்டு. சவுரிமுத்து படத்தில் தலையைச் சாய்த்துத் தாளுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கிடந்தான். ஒரு க்ளிக், உள்ளே திரும்பிவிட்டான். அப்படிச் செய்ததே அவளுக்கு மனசில் நிற்கவில்லை.

அப்புறம் மூட ஆரம்பித்தாள். மூடவில்லை. ஐந்து வெட்டில் முதலாவது காதிலிருந்து உதட்டோரம் வரை. அதன் இரண்டு கரையையும் விரலால் இழுத்துச் சேர்க்கப் பார்த்தால் தோலுக்குப் பதில் சிவப்புதான் வந்தது. மறுபடி இழுத்தாள். சிவப்பு கன்னத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் போனது. அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெம்பு போதாது. விரலை இழுத்து இரண்டு விநாடி கழித்துத்தான் நிறம் நகரும். அந்த இரண்டு விநாடியும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள். வெறி வந்துவிட்டது. நீ இப்படித்தானே இறக்கினாய், இந்தப் பக்கமிருந்துதானே ஓங்கினாய் என்று கத்தி போன வழியே அவளும் போனாள். ஒவ்வொரு வெட்டையும் தனித்தனி லேயராக, கண்ணாடித் தாள் மாதிரி ஒரு அடுக்காக எடுத்து, கத்தி வந்த திக்கில் இழுத்து இழுத்து முகத்துக்கு வெளியே கொண்டுவந்தாள். ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டு, மல்டிப்ளை என்கிற கலப்பில் வைத்தால் சிவப்பு கறுப்பாகும். டிஃபரன்ஸில் வைத்தால் எங்கிருந்தோ மஞ்சள் எட்டிப்பார்க்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி, சாயங்காலம் பாய் கணக்கு முடிக்கிறவரை ஒரு மணி. மூன்று மாதம் செய்தாள். அடியில் இருந்த அசலை மட்டும் தொடவில்லை. அசலில் கை வைக்காதே என்பதும் தொழில் பழக்கம்தான்.

முடித்த அன்றைக்கு முகம் போய்விட்டிருந்தது. திரை முழுக்க அடி விழுகிற சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது போல அவளுக்குப் பட்டது. நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது நிஜம். உமர் பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இது இன்னாம்மா, சன்செட்டா? நம்ம கடையில மாட்டலாமே" என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. மழை விட்டிருந்தது. உமர் பாய் ஜும்மாவுக்குப் பள்ளிவாசல் போய்விட்டார். ஜெயசீலி டிபன் பாக்ஸைத் திறக்கும்போது சின்னப்பன் படியேறி வந்தார். பாய் இருக்க மாட்டார் என்று தெரிந்துதான் வந்திருக்கிறார் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

"சாப்புடு சாப்புடு. அக்கா கீழதான் மருந்துக் கடையில நிக்கிறா. சின்னவனுக்கு சளி. படி ஏற வேணாம்னு நான்தான் சொன்னேன்" என்றபடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மடியிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே ஸ்டாம்ப் பேப்பர்.

இது இரண்டு மாதமாக நடக்கிற பேச்சு. கூடுவாஞ்சேரி மூன்று கிரவுண்டுக்கு இப்போது வாரிசு இரண்டு பெண்கள்தான். இரண்டு பேரும் சின்னப்பன் பேருக்குப் பவர் எழுதிக்கொடுத்துவிட்டால், கோர்ட்டு கச்சேரி, தாலுகா ஆபீஸ் எல்லாவற்றுக்கும் அவரே அலைவார். பட்டு போட்டுவிட்டாள். ஜெயசீலி இழுத்துக்கொண்டே இருந்தாள். அந்த மண்ணுக்காக அண்ணன் போயிருக்கிறான், அதில் தன் கையெழுத்து எளிதில் விழக்கூடாது என்று ஒரு வைராக்கியம். அதற்காக மாமாவைச் சந்தேகப்பட்டாள் என்று நினைக்க வேண்டாம். ஐந்து மாதமாக வக்கீல் வாசலிலும் ஸ்டேஷன் வாசலிலும் செருப்புத் தேய நடக்கிற மனுஷன். அவரை அலையவிடுகிறோமே என்றுதான் வெட்கப்பட்டாள்.

"நோட்டரியாண்ட சொல்லி வெச்சிட்டேன். நீ வரவே வேணாம். நாலு எடத்துல போட்டுக் குடுத்துட்டா, திங்கக்கெழம நானே முடிச்சிடுவேன்" என்றார் சின்னப்பன். "உங்கண்ணன் ஆத்துமா சாந்தி ஆவணும்ல."

அண்ணன் என்றதும் அவள் டிபன் பாக்ஸை மூடினாள். கை கழுவிக்கொண்டு வந்து பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். அப்போது ஒரு நினைப்பு வந்தது. இந்த மனுஷன் அவ்வளவு அழுதாரே, அவரும் முகத்தைப் பார்க்கவில்லையே. இத்தனை மாதமாகத் தனியாகச் சுமந்ததை ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"மாமா, போடறேன். அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அந்தப் படம் இருக்கே, அது சன்செட் இல்ல."

"பின்ன?"

"அண்ணன் மூஞ்சி. போலீஸ் எடுத்த போட்டோவ வெச்சு நான்தான் பண்ணேன்."

சின்னப்பன் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் கண்ணை எடுக்கவில்லை. ஜெயசீலி எழுந்துபோய்ப் படத்தின் பக்கத்தில் நின்றாள். கண்ணாடி மேல் விரலை வைத்துக் கோவிலில் குழந்தைக்குச் சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தைக் காட்டுவது மாதிரி மெதுவாகக் காட்டினாள்.

"ஒண்ணும் தெரியாது. ஆனா எனக்குத் தெரியும். இது நெத்தி. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. இதோ, இதுதான் மொதோ வெட்டு. வலது காதுல ஆரம்பிச்சு உதடு வரைக்கும் வந்துருக்கு."

"எடது" என்றார் சின்னப்பன்.

சொன்னதோடு அவர் கை தன் இடது காதுக்குப் போனது. அங்கிருந்து உதட்டோரம் வரை ஒரு கோடு இழுத்துக் காட்டியது. "எடது பக்கம்ல அது."

"இல்ல மாமா, வலதுதான். நான் மூணு மாசமா பாத்துட்டிருக்கேன்" என்றாள் அவள். சொல்லும்போதே எங்கோ இடறியது. மேஜை இழுப்பறையைத் திறந்து அப்பாதுரையின் கவரை எடுத்தாள். அசல் போட்டோவை வெளியே இழுத்தாள். சவுரிமுத்து தாளுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கிடந்தான். இடது காது. இடது கன்னம். அவள் கைதான் பழக்க தோஷத்தில் திருப்பிப் போட்டிருக்கிறது. மூன்று மாதமாக அவள் பார்த்தது தப்பு. பெட்டி மூடிய பிறகு வந்த மனுஷன் சொன்னது சரி.

போட்டோவை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு எப்டி மாமா தெரியும்?"

"போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்ல பாத்தேன்."

"ரிப்போர்ட் இன்னும் வரல. மனு போட்டவ நான். வந்தா என் கைக்குத்தான் வரும்."

சின்னப்பன் ஸ்டூலைப் பின்னால் தள்ளினார். எழுந்தார். எங்கேயோ புறப்படுகிறவர் மாதிரி வாசலுக்குப் போனார். கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஐந்து மாதமாக அழுத மனுஷன் இல்லை.

"கையெழுத்துப் போடு."

"நீங்கதான் கூட்டினு போனீங்களா?"

"கையெழுத்துப் போடுன்னு சொல்றேன்."

அவள் வாயைத் திறந்து கத்துவதற்குள் பின்னந்தலை முடியைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். முகத்தைக் கொண்டுபோய் மேஜையில் மோதினார். ஒரு தடவை, இரண்டு தடவை. கீபோர்டு பொத்தான்கள் தெறித்தன. மூக்கிலிருந்து கொட்டியது வாய்க்குள் உப்பாக இறங்கியது. வலது கையைப் பிடித்து இழுத்து ஸ்டாம்ப் பேப்பர் மேல் வைத்து, விரலுக்கு நடுவில் பேனாவைத் திணித்தார். அவள் விரலை மடக்கிக்கொண்டாள். அவர் ஆள்காட்டி விரலைப் பிரித்துப் பின்னால் வளைத்தார். விறகு முறிகிற மாதிரி சத்தம் வந்தது. அவளுக்குக் கண் இருட்டியது.

"ரெண்டு தட்டு தட்டி மெரட்டுவானுங்கன்னுதான் நெனச்சேன்" என்று அவள் காதருகில் சின்னப்பன் மூச்சிரைத்தார். அழுகிறாரா, திட்டுகிறாரா என்று புரியாத குரல். "இட்டாந்து வுட்டா டெம்போ கடனெல்லாம் தீத்துர்றேன்னான் சிட்டிபாபு. நான் இன்னா கண்டேன்? கத்திய பாத்ததும் உங்கண்ணன் என்னாண்ட திரும்பினான். மாமான்னு கூப்ட்டான். திரும்பினப்பதான் உழுந்துது. இப்ப எடம் கைக்கு வரலன்னா எனக்கும் அதே கெதிதான். எனக்கும் புள்ளைங்க கீது. போட்றீ."

மாமா என்று கூப்பிட்டான். அந்த ஒரு வார்த்தை போதும். வலியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. லேமினேஷன் கார்டு நறுக்குகிற கத்தி எங்கே இருக்கும் என்று ஆறு வருஷமாக அவள் இடது கைக்குத் தெரியும். எடுத்தாள். ஸ்டாம்ப் பேப்பரை அழுத்திக்கொண்டிருந்த அவர் கை மேல் முழுப் பலத்தோடு இறக்கினாள். கத்தி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புகுந்து, தாளைத் துளைத்து, மேஜை மரத்தில் போய் நின்றது.

சின்னப்பன் அலறிய அலறல் கீழே மருந்துக் கடைவரை கேட்டது. கையைப் பிடுங்கியபோது சதை கிழிந்தது. அவர் அவளை எட்டி உதைத்தார். அவள் சுவரில் மோதி விழுந்தாள். சுவரிலிருந்த படத்தைப் பெயர்த்து இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி அவள் மேல் போட்டார். அவள் முழங்கையைக் குறுக்கே கொடுத்தாள். கண்ணாடி முழங்கையிலும் கழுத்திலும் கீறிக்கொண்டு இறங்கியது. சட்டத்தை உடைத்து அந்தக் கட்டையாலேயே முதுகில் அடித்தார், தோளில் அடித்தார். அவள் ஊர்ந்துபோய் மேஜைக்கு அடியில் புகுந்து அவர் கணுக்காலைக் கடித்தாள். விடவில்லை. அவர் குனிந்து அவள் கழுத்தில் கை வைத்தபோது கதவுக் கண்ணாடி உடைந்தது. உமர் பாய் தொப்பியோடு கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள்களை நீக்கினார். பின்னாலேயே மருந்துக் கடைக்காரர், ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர், பட்டு.

பிரித்துவிட்டார்கள். பிரித்ததும் நடந்தது என்ன தெரியுமா? எல்லோரும் சின்னப்பன் பக்கம் சாய்ந்தார்கள். அவர் கையிலிருந்து குழாய் மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, பெண்டாட்டியைப் பார்த்து, "பைத்தியம் முத்திப் போச்சுடீ உன் தங்கச்சிக்கு. கையெழுத்துக் கேட்டா கத்தியால குத்துறா. செத்தவன் மூஞ்சிய படம் வரஞ்சி மாட்டி வெச்சிகிறா, பாரு" என்றார்.

"சொந்தத்துக்குள்ள பேசித் தீத்துக்கம்மா. மொதல்ல அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போலாம்" என்றார் மருந்துக் கடைக்காரர். ஆட்டோக்காரர் ஒருவர் ஜெயசீலியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பட்டு சளிப் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, தங்கையையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜெயசீலி எழுந்தாள். யாரோ பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டாள். மானிட்டர் சாய்ந்திருந்ததே தவிர உயிரோடு இருந்தது. இடது கையால் மவுசைப் பிடித்து அந்தப் படத்தைத் திறந்தாள். திறக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த ஒரு நிமிஷமும் அறையில் யாரும் நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

சிவப்பு வந்தது. லேயர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கண் படம் இருக்கும். அதைத் தட்டினால் அந்த லேயர் மறையும். தட்டினாள். மஞ்சள் போனது. தட்டினாள். கறுப்பு போனது. ஐந்து இழுப்பும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசிச் சிவப்பு போனதும் அடியிலிருந்து சவுரிமுத்து வந்தான். வாய் திறந்து, ஒரு கண் திறந்து, கன்னம் பிளந்து. உமர் பாய் "யா அல்லா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையின் கண்ணைப் பட்டு பொத்தினாள்.

"இவருதான் பெட்டி மூடுன பொறவு வந்தவரு. நான் வலதுன்னேன். அவரு எடதுன்னாரு" என்றாள் ஜெயசீலி. ஒரு க்ளிக் செய்தாள். முகம் இடவலமாகத் திரும்பியது. சுவரோரம் உட்கார்ந்திருந்த சின்னப்பன் பக்கம் திரும்பியது. "அண்ணன் கடைசியா இவரத்தான் திரும்பிப் பாத்துச்சாம். மாமான்னு கூப்ட்டுச்சாம். கேளுக்கா. எந்தப் பக்கம்னு கேளு."

சின்னப்பன் திரையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். நல்ல கையால் முகத்தின் இடது பக்கத்தைப் பொத்திக்கொண்டார். யாரோ அவரை அடிக்க ஓங்கியது மாதிரி.

பட்டு பிள்ளையை உமர் பாயிடம் கொடுத்தாள். மேஜைக்கு வந்தாள். தன் கையெழுத்து விழுந்திருந்த ஸ்டாம்ப் பேப்பர் இரத்தத்தில் நனைந்து மரத்தோடு ஒட்டியிருந்தது. கத்தியைப் பிடுங்கினாள். அந்தக் கத்தியோடு புருஷனிடம் போய் நின்றபோது ஆட்டோக்காரர்கள் இருவரும் முன்னால் வந்தார்கள். அவள் குத்தவில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கையை மடக்கி அவர் வாயில் குத்தினாள். பல் உடைகிற வரை குத்தினாள். யாரும் தடுக்கவில்லை. அவரும் தடுக்கவில்லை.

"போலீஸ்காரன் வந்தப்ப என்ன இன்னா சொல்லச் சொன்ன?" என்றாள். "சும்மா பேஜார் பண்ணுவானுங்க, படப்பைக்கு லோடு ஏத்தப் போனேன்னு சொல்லுன்னு சொன்னியே. சொன்னேனே. என் வாயால, என் தம்பி பொணம் வூட்டுக்கு வரதுக்கு முன்னாடியே சொன்னேனே."

அதற்கப்புறம் அவள் அழுத அழுகையை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. உமர் பாய் போலீசுக்கு போன் செய்தார். மருந்துக் கடைக்காரர் பஞ்சும் துணியும் கொண்டுவந்து, முதலில் ஜெயசீலியின் விரலைத்தான் கட்டினார். ஆட்டோக்காரர்கள் சின்னப்பனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள்.

பட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். திரையில் தம்பி முகம் அப்படியே இருந்தது.

"சீலி, இத மூடிடு. வேற தாள் எடு. நான் சொல்றத டைப் அடி. எனக்கு மறுபடி தைரியம் வருமோ, வராதோ."

ஜெயசீலி படத்தை மூடினாள். புதிதாக ஒரு பக்கம் திறந்தாள். வெறும் வெள்ளை. வலது கை கட்டோடு மடியில் கிடந்தது. தெறித்துப்போன பொத்தான்களைத் தரையிலிருந்து பொறுக்கி உமர் பாய் ஒவ்வொன்றாகப் பொருத்திக் கொடுத்தார். இடது கை விரலை வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

"எம் பேரு பட்டு. வயசு முப்பத்தி நாலு" என்று அக்கா ஆரம்பித்தாள். "ஜூன் மாசம் எந்தம்பிய வெட்டுன அன்னிக்கு எம் புருஷன் படப்பைக்குப் போவல."